"கிரகணத்தப்போ வெளியே வந்தியா?"

2020 ஆகஸ்ட். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். மூன்று மாதக் குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார், கூடவே அவருடைய மாமியார். உதட்டுப் பிளவும் அன்னப்பிளவும் (அன்னம் என்பது வாயின் மேற்கூரை) உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை. அதற்கும் முன்னால், பால் புகட்டச் சொல்லிக்கொடுப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்: "சொல்லச் சொல்லக் கேக்காம கிரகணத்தன்னிக்கு வாசலுக்கு வந்துட்டா டாக்டரம்மா. அருவாமனையையும் தொட்டிருக்கா." தலையைக் குனிந்த மருமகள் நிமிரவே இல்லை.

அவர் சொன்னது 2019 டிசம்பர் 26 காலையில் வந்த வளைய சூரிய கிரகணம். குழந்தை மாதம் நிறைந்து மே நடுவில் பிறந்திருந்தது. அப்படியானால் கிரகணத்தன்று இவருக்கு ஐந்தாம் மாதம். கருவின் மேலுதடு 4 முதல் 7 வாரத்துக்குள் சேர்ந்துவிடும், அன்னம் அதற்குச் சில வாரம் கழித்து. அதாவது ராகு சூரியனைத் தொடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பே எல்லாம் உருவாகி முடிந்துவிட்டது. காலண்டரை எடுத்து இருவர் முன்பும் நாளை எண்ணிக் காட்டினேன். மாமியார் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அப்போ போன ஜென்மத்துப் பாவமா இருக்கும்" என்றார்.

இதைத்தான் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். ஒரு காரணத்தைப் பொய்யென்று காட்டினால் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் யாராலும் பொய்யென்று காட்டவே முடியாத ஒன்று. கர்ப்பிணி வெளியே வரக்கூடாது என்ற கட்டுப்பாடு அக்கறையில்தான் பிறந்திருக்கும். ஆனால் பிள்ளை குறையோடு பிறந்த அன்றைக்கு அதே கட்டுப்பாடு தாயின் மேல் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. தகப்பனிடம் 'கிரகணத்தன்று நீ எங்கே இருந்தாய்' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது ஒரு மதத்தோடு நிற்பதும் இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்ததும் இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்றுதான் இயேசுவின் சீடர்களே கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் அவர். 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார் காந்தி. நோக்கம் எவ்வளவோ உயர்ந்தது. ஆனாலும் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே? தாகூர் மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார்.

ஏன் இப்படித் தோன்றுகிறது என்பதற்கு மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்குப் பெரிய வெளிச்சம். ஒரு பெண் மின்அதிர்ச்சியில் துடிப்பதை மாணவிகள் பார்க்கிறார்கள் (அது நடிப்புதான், அவர்களுக்குத் தெரியாது). அதை நிறுத்த வழியில்லை, அவள் துன்பம் இன்னும் தொடரும் என்று நினைத்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். துன்பத்தை நிறுத்த வழி கிடைத்தவர்களிடம் அந்த ஏளனம் குறைவாக இருந்தது. உலகம் நியாயமானது என்று நம்பி வாழ்கிறவர்களுக்கு, காரணமில்லாத துன்பத்தைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது தாங்காது. 'அவள் ஏதோ செய்திருப்பாள்' என்றால் மனம் ஆறிவிடுகிறது.

அந்த மாமியாரின் பதிலைக் கேட்ட நாள் முதல் நான் கிரகணத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. முதலில் பாலாடையை, அதாவது பால் புகட்டும் சங்கை, எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிடுகிறேன். அன்று காலண்டரை மூடிவைத்த பிறகு அதைத்தான் செய்தேன். பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடிக்கடி ஏப்பம் எடுக்க வைக்கச் சொன்னேன். மூக்கு வழியே பால் வராமல் பிள்ளை முதல்முறையாக வயிறு நிறையக் குடித்தது. "எடை தேறட்டும், உதட்டைத் தைத்துவிடலாம். அன்னத்தை ஒரு வயதை ஒட்டிச் சரிசெய்தால் பேச்சும் நன்றாக வரும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமலே செய்வார்கள்" என்றேன். அதற்குப் பிறகுதான் மாமியார் சொன்னார், தன் கொழுந்தனாருக்கும் மீசைக்கடியில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது என்று.

பரம்பரை ஒரு காரணம்தான். ஃபோலிக் அமிலக் குறைவு, சில வலிப்பு மாத்திரைகள், புகைபிடித்தல், சர்க்கரை நோய் என்று வேறும் உண்டு. பல குழந்தைகளுக்கு இன்னதென்று சொல்லவே முடியாது. கொழுந்தனாரின் தழும்பை அந்தக் குடும்பத்தின் புதுக் குற்றமாக ஆக்கிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். தெரிந்துகொண்டால் அடுத்த கர்ப்பத்தில் உதவும், அவ்வளவுதான்.

2022 அக்டோபர் 25 மாலைக் கிரகணத்துக்கு முதல் நாள் அந்தப் பெண் போன் செய்தார். மறுபடி இரண்டு மாதமாம். "அத்தை உள்ளேயே இருக்கச் சொல்றாங்க மேடம்." சரி, இருங்கள், ஆனால் பட்டினி கிடக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்றேன். ஃபோலிக் அமில மாத்திரை பற்றிக் கேட்டேன். கரு தங்கும் முன்பிருந்தே டாக்டர் சொன்ன அளவில் போட்டு வருகிறாராம். தினமும் எடுத்துத் தருவது மாமியார்தானாம்.