ஆப் எழுதும் முன் அந்த போன் யாருடையது என்று கேளுங்கள்

சென்னையில் ஐடி வேலை பார்ப்பவர்கள் பலர் மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உண்மையான அக்கறையோடு வருகிறார்கள். வந்ததும் கேட்பது, "என்ன ஆப் வேணும்?" தன்னார்வ அமைப்புகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் சொல்கிறேன்: அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கண்ணகி நகரையோ பெரும்பாக்கத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஐடி அலுவலகங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். டெலிவரி வேலைக்குப் போகும் மகனோடு பகலில் அதுவும் போய்விடும். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவிடம் பட்டன் போன்கூட இருக்காது. அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டால் ஓடிபி மகனுக்குப் போகும். மகன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். சில நிமிடங்களில் ஓடிபி காலாவதியாகிவிடும். அம்மா இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும்.

நம்பரும் நிலையானதல்ல. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு சிம் துண்டிக்கப்படலாம். துண்டித்த நம்பரை இன்னொரு 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். ரீசார்ஜுக்குக் காசில்லாத வீட்டில் இது சாதாரணமாக நடக்கும். அப்புறம் வங்கிச் செய்தியும் மருத்துவமனைச் செய்தியும் முகம் தெரியாத யாருக்கோ போகும். அதனால் உங்கள் தரவுத்தளத்தில் போன் நம்பரை ஆளின் அடையாளமாக வைக்காதீர்கள். ஆளுக்குத் தனி அடையாள எண் கொடுங்கள். போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் இவர் பேச முடியும் என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். நாங்கள் செய்யும் பதிவுகளில் அதிகம் உதவுவது இந்த இரண்டும்தான்.

இந்த விஷயத்தில் நாம் படிக்க வேண்டிய பாடம் தரமணியிலிருந்து தொடங்குகிறது. அங்கிருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதுதான் நிபந்தனை. மையங்களைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். மீனவ கிராமங்களுக்கான அலை உயரத் தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலை சரிசெய்துகொண்டிருப்பவர் எழுந்து வர வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் செய்தி சேரும்.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமி பற்றி வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். அந்தக் குரலை ஊர் தினமும் கேட்டுப் பழகியிருந்தது, அதனால் நம்பியது என்பதே என் கருத்து. ஆபத்து வரும் அன்று மட்டும் நோட்டிபிகேஷன் அனுப்பும் ஆப்புக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வெளிநாடுகளிலும் இதே பாடம்தான். கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா பணப்பரிமாற்றம் பட்டன் போனிலேயே வேலை செய்தது. பணத்தைக் கையில் வாங்கவும் கொடுக்கவும் தெருமுனைக் கடைக்காரர் இருந்தார். பெரு நாட்டில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது.

தொழில்நுட்பமாகச் சொன்னால், எழுத்தைவிடக் குரல் நல்லது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துப் பேசும் முறை எந்த போனிலும் ஓடும். எஸ்எம்எஸ் என்றால், மொத்தமாக அனுப்ப டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அதைத் தொடங்க முடியாது.

வெள்ளம் என்றதும் 2015 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. உதவி கேட்டவர்களின் பெயர், முகவரி, நம்பர் எல்லாம் ஆன்லைன் ஷீட்டுகளில் திரண்டன. அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது, உயிர்களைக் காத்தது. ஆனால் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்காகவும் உதவி கேட்கும் அதே செய்தி மறுபடி மறுபடி சுற்றியது. அடுத்த முறை ஷீட் தொடங்குபவர், முடிந்த வரிகளை மூடுபவர் யார், எந்தத் தேதியில் முழுவதும் அழிக்கப்படும் என்று முதல் வரியிலேயே எழுதட்டும். தனியாக வாழும் பெண்ணின் முகவரி பொதுவில் கிடப்பது சின்ன விஷயமல்ல.

கடைசியாக, நிதி கேட்டு எழுதும்போது சர்வர் செலவுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேருங்கள்: அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. விண்ணப்பம் எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்லவும், மாறிய நம்பரைத் திருத்தவும், ராத்திரி எட்டு மணிக்கு மகன் வீடு திரும்பியதும் ஓடிபி வாங்கவும் அவரால்தான் முடியும். தன்னார்வத் தொண்டாக அதை அவரிடம் கேட்காதீர்கள்.