உறவுக்கு மறுநாள் தேடும் மாத்திரை அல்ல பிரெப்

கடந்த வாரம் ஓர் இளைஞரிடம் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று சொல்ல வேண்டி வந்தது. பால்வினை நோய் மருத்துவராக இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வருத்தத்தோடு கோபமும் வந்தது, அவர் மேல் இல்லை. "நான் பிரெப் போட்டேனே டாக்டர்" என்றார். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். நண்பர் ஒருவர் தன் டப்பாவிலிருந்து எடுத்து, டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொடுத்த இரண்டு மாத்திரைகள். உறவுக்கு மறுநாள் மதியம், சாப்பிட்ட பிறகு போட்டிருக்கிறார். அதோடு சரி. இதே கதையை வேறு வேறு ஆட்களிடம் கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

பிரெப் என்பது எச்.ஐ.வி. இல்லாதவர்கள், அது வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று ஆபத்து அதிகம் உள்ள அனைவருக்கும் இதைப் பரிந்துரைத்தது. புதிய சரக்கு இல்லை, சோதனையில் இருப்பதும் இல்லை.

முன்கூட்டியே என்பதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. கிருமி உள்ளே வரும் நேரத்தில் மருந்து ஏற்கெனவே உடம்பில் காத்திருக்க வேண்டும். தினமும் ஒன்று என்று தொடங்கினால், ஆசனவாய்வழி உறவுக்குப் போதுமான பாதுகாப்பு கிடைக்க 7 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது மட்டும் உறவு கொள்ளும் ஆண்களுக்கு வேறொரு முறை உண்டு. சனிக்கிழமை இரவு 10 மணிக்குச் சந்திப்பு என்றால், மாலை 6 மணிக்கு 2 மாத்திரை. ஞாயிறு மாலை 6 மணிக்கு 1. திங்கள் மாலை 6 மணிக்கு 1. முதல் இரண்டு மாத்திரையை உறவுக்கு 2 மணி நேரம் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு முன்னால் வேண்டாம். இடையில் மறுபடியும் உறவு நடந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினமும் ஒன்று தொடர வேண்டும். பிரான்சிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில் இந்த முறை தொற்றை 86 சதவீதம் குறைத்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு இந்த முறை கூடாது.

முன்னால் போடவில்லை, ஆணுறையும் இல்லை, உறவு முடிந்துவிட்டது. அப்போது வேண்டியது பெப். அது வேறு சிகிச்சை: பெரும்பாலும் மூன்று மருந்துகள், 28 நாள், ஒருநாள் விடாமல். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறுநாள் மதியம் மருத்துவரிடம் ஓடி வர இன்னும் நேரம் இருக்கிறது. தயவுசெய்து ஓடி வாருங்கள்.

இரவல் மாத்திரையில் இன்னொரு வம்பும் இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே தொற்று இருந்து, அது தெரியாமல் இதைப் போட்டால், இரண்டு மருந்து அதை அடக்கப் போதாது. கிருமி அந்த மருந்துகளுக்கே பழகிக்கொள்ளும், பின்னால் சிகிச்சை சிக்கலாகும். அதனால்தான் பரிசோதனை இல்லாமல் பிரெப் தொடங்கக் கூடாது என்று கத்துகிறோம். சமீபத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தொற்றின் முதல் வாரங்களில் பரிசோதனை நெகட்டிவ் என்று காட்டலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும், ஹெபடைடிஸ் பியும் பார்க்க வேண்டும். அப்புறம், 3 மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா பரிசோதனை. எச்.ஐ.வி. தவிர்த்த இந்தப் பால்வினை நோய்களை பிரெப் தடுக்காது, ஆணுறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒழுங்காகப் போடுங்கள். 2010இல் வெளிவந்த முதல் பெரிய ஆய்வில், மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. இரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேல். வித்தியாசம் முழுக்க, விழுங்கியதிலும் விழுங்காமல் விட்டதிலும் இருக்கிறது. முதல் சில வாரங்கள் குமட்டல், தலைவலி வரலாம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

என் சக மருத்துவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெப் கேட்டு வருபவரிடம் "ஒழுங்காக இருந்தால் இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். தன்னைக் காத்துக்கொள்ள வந்த மனிதர் அவர். அந்த ஒரு கேள்வியால்தான் அடுத்த முறை நம்மிடம் வராமல் நண்பரின் டப்பாவைத் தேடிப் போகிறார். எத்தனை பேரோடு என்று எண்ணச் சொல்லாதீர்கள். எப்படிப்பட்ட உறவு, கடைசியாக எப்போது, இவ்வளவு போதும்.

திருமணமான இருபாலீர்ப்பு ஆண்கள் பலர் மாத்திரை டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமலேயே பிரெப்பை விட்டுவிடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை, வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். 2 மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனகபாவிர் ஊசியை 2025இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் இன்னும் கிடைப்பதில்லை. கிடைக்கும்வரை, வேறு டப்பாவுக்கு மாற்றி வைத்தாலும் சரி, அலுவலக மேசையில் வைத்தாலும் சரி, விட்டுவிடாமல் போடுங்கள்.