எரு கொட்டியும் பயிர் ஏன் வெளுக்கிறது?

இந்தப் பருவத்தில் பார்க்கப் போன வயல்களில் பாதிக்கு மேல் ஒரே காட்சி. அடியிலைகள் மஞ்சள், செடி வளராமல் நிற்கிறது. காரணம் கேட்டால் ஒரே பதில்: "எரு நிறையக் கொட்டியிருக்கிறோம் சார், தழைச்சத்து குறைய வழியே இல்லை." இதை இன்னும் எத்தனை முறை விளக்குவது?

எருவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) வேறு, பயிருக்கு இந்தப் பருவத்தில் கிடைக்கும் தழைச்சத்து வேறு. தொழுவுரத்தில் அது சுமார் அரை சதவீதம். 5 டன் போட்டால் 25 கிலோ. கணக்குக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நன்கு மட்கிய எருவில் பெரும்பகுதி உடனே உடையாத நிலையில் கிடக்கிறது. முதல் பருவத்தில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. அப்படியென்றால் 6 கிலோ. மீதி வரும் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். 90 நாளில் அறுவடையாகும் பயிர் அதற்காகக் காத்திருக்குமா?

"அப்போ இரண்டு மடங்காகப் போட்டுவிடலாமே" என்பார்கள். வேண்டாம். தழைச்சத்துத் தேவை முழுவதையும் எருவாலேயே ஈடுகட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறிச் சேர்ந்துகொண்டே போகும். மண் பரிசோதனை அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்தாலே, அங்கே எத்தனை வருடமாக எரு கொட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிடும். இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எருவின் தழைச்சத்து மண்ணில் மாறி உருவாகும் நைட்ரேட்டும் மழையில் கரைந்து நிலத்தடி நீருக்குத்தான் போகும்.

அப்புறம், பயறு வகை. பயறு போட்டதால் மண்ணில் சத்து ஏறிவிட்டது என்கிறார்கள். காயைப் பறித்து, செடியையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டபின் நிலத்தில் என்ன மிஞ்சும்? சத்து மண்ணுக்கு வேண்டுமென்றால் தக்கைப்பூண்டு, சணப்பை போன்றவற்றை விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். ஆளுயரம் வளர்ந்து தண்டு முற்றவிடாதீர்கள். மடக்குவதற்கு முன் ஒரு செடியைத் தோண்டி வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால்தான் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. மடக்கிய பிறகு நிலத்தை மாதக்கணக்கில் மழைக்குச் சும்மா விடவும் கூடாது, வெளிவரும் சத்தைப் பிடித்துக்கொள்ளப் பயிர் இருக்க வேண்டும்.

வைக்கோலை மடக்கி உழுத கையோடு விதைக்காதீர்கள். அதில் நைட்ரஜனைப் போல் சுமார் 80 மடங்கு கார்பன். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். மூடாக்காக மேலே பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எருவை வயலில் பரப்பினால் அன்றே உழுதுவிடுங்கள். வெயிலில் கிடக்கும் எருவிலிருந்து மூக்கைத் துளைத்து வருகிறதே ஒரு நெடி, அது உங்கள் தழைச்சத்து அம்மோனியாவாகப் போவதுதான். புண்ணாக்கும் கோழி எருவும் சீக்கிரம் பலன் தரும். பயிர் வேகமாக வளரத் தொடங்குவதற்கு முன்பே இட்டு, மண்ணால் மூடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சளைக் கண்டதும் எதையாவது அள்ளிப் போடாதீர்கள். மஞ்சள் அடியிலையிலா, நுனிக் குருத்திலா என்று பாருங்கள். குருத்து மட்டும் வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறையாக இருக்கலாம். அடியிலை என்றால் ஒரே ஒரு பாத்திக்குப் புண்ணாக்கு கரைத்து ஊற்றிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். அந்தப் பாத்தி மட்டும் பச்சை கட்டினால் தழைச்சத்துக் குறைதான். மாறவில்லை என்றால் மேலே எதுவும் போடாமல், முதலில் வேரையும் வடிகாலையும் பாருங்கள்.