பல் முளைப்பதால் நாய்க்குட்டிக்குப் பேதி வராது

சென்ற வாரம், நான்கு மாத ஸ்பிட்ஸ் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி. முந்தைய இரவிலிருந்து இரத்தம் கலந்த, குடலைப் பிரட்டும் நாற்றத்துடன் பேதி. உடன் வந்தவர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, அரிசி மணி அளவிலான பால் பல்லைக் காட்டினார். "பல் முளைக்குதுல்ல டாக்டர், அதனாலதான்னு விட்டுட்டோம்." அது குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றுநோய். ஒரே ஒரு தடுப்பூசியோடு நிறுத்தியிருந்தார்கள். குட்டி பிழைக்கவில்லை.

கைக்குழந்தைக்குப் பல் முளைத்தால் பேதியாகும் என்று வீட்டில் சொல்லக் கேட்டதை நாய்க்குட்டிக்கும் பொருத்திப் பார்ப்பவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. பல் முளைப்பதால் பேதி வராது, வாந்தி வராது, காய்ச்சலும் வராது. 28 பால் பற்கள் மூன்று, நான்கு மாத வயதில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் வற்றி, பார்வோ எளிதில் தாக்கும் பருவமும் ஏறக்குறைய இதுவே என்பதால்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டு விடுகிறார்கள். பல் முளைக்கும் குட்டிக்கு ஈறு சிவக்கும், எச்சில் வடியும், கடித்த பொம்மையில் ஒரு சொட்டு இரத்தம் இருக்கும். ஆனால் அது ஓடி விளையாடும். சுருண்டு படுத்துவிட்ட குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஈறு வலிக்குச் சுத்தமான பருத்தித் துணியை நனைத்து முறுக்கிக் குளிரவைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கடிக்கக் கொடுங்கள். வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம். அது சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். உங்கள் நகம் பதியாத அளவுக்குக் கடினமான எதையும் கொடுக்காதீர்கள், பல் உடையும். செருப்பைக் கடித்தால் அடிக்காதீர்கள். செருப்பை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் வீட்டு வலி மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள்: இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தடுப்பூசித் தவணைகளைப் பதினாறு வார வயது வரையேனும் விடாமல் போடுங்கள். ஆறு மாதம் ஆனதும் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சிறிய இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதிய பல்லை ஒட்டியே நிற்பதுண்டு. அப்படி இரட்டையாகத் தெரிந்தால், நீங்களே ஆட்டிப் பிடுங்க முயலாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.