ஓகே எப்படி வேலை செய்கிறது?

1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் ஒரு கிண்டல் செய்தி வந்தது. அதன் நடுவே 'ஓ.கே.' என்று இரண்டு எழுத்து, பக்கத்திலேயே 'எல்லாம் சரி' என்று விளக்கம். இந்தச் சொல்லுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுச் சான்று அதுதான்.

'எல்லாம் சரி' என்பதை ஆங்கிலத்தில் 'ஆல் கரெக்ட்' என்பார்கள். அதன் முதலெழுத்துகள் ஏ, சி. பிறகு ஓ, கே எங்கிருந்து வந்தன? அந்த நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரைக் காதில் விழுகிறபடி வேண்டுமென்றே தப்பாக எழுதுவது, அப்புறம் அந்தத் தப்பையே சுருக்குவது. 'ஆல் கரெக்ட்'டை ஓ-வில் தொடங்கும் 'ஓல்', கே-யில் தொடங்கும் 'கொரெக்ட்' என்று எழுதினால் ஓ.கே. 'ஆல் ரைட்' இப்படித்தான் ஓ.டபிள்யூ. ஆனது. 'நோ யூஸ்' கே.ஒய். ஆனது. அவையெல்லாம் சீக்கிரமே வழக்கொழிந்தன. ஓ.கே. மட்டும் தப்பித்தது.

தப்பிக்க வைத்தது ஒரு தேர்தல். 1840இல் மறுபடி போட்டியிட்ட ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்பது அவருக்குப் பட்டப்பெயர். சுருக்கினால் ஓ.கே. ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப்புகள் தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்குமா? வான் பியூரனுக்கு முன்பு ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்று எழுதத் தெரியாமல் அவர்தான் ஓ.கே. என்று போட்டார் என ஒரு கதையைக் கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றுப்போனார். சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

ஜாக்சன் கதையை வெகுகாலம் பலர் நம்பினார்கள். வேறு சிலர் இது சொக்டாவ் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது என்றார்கள். ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை நம்பி, ஸ்பெல்லிங்கைக்கூட அதற்கேற்ப மாற்றி எழுதினார். 'எல்லாம் நல்லது' என்று பொருள்படும் கிரேக்கத்தின் 'ஓலா கலா'தான் மூலம் என்பவர்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களைப் புரட்டி, 1963, 64ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் ஒலி ஒற்றுமையைப் பார்த்ததும் குதிப்பதுண்டு. ரீட் தேதி போட்ட தாள்களை வரிசையாக எடுத்து வைத்தார். எனக்கு அவருடைய வேலையில் பிடித்ததே அதுதான்.

சரி, தேர்தல் முடிந்த பிறகும் சொல் ஏன் நிலைத்தது? இதில் தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பியின் இந்த முனையில் செய்தியைத் தட்டுகிறவருக்கு, அது அந்த முனையில் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதனால் 1860களில், வாங்கிய அலுவலகம் 'ஓகே' என்று திருப்பி அடித்தால்தான் செய்தி போனதாகக் கணக்கு. கல்யாணச் செய்திக்கும் ஓகேதான், சாவுச் செய்திக்கும் ஓகேதான். செய்தி நல்லதா கெட்டதா என்பது பற்றி அதற்குக் கருத்தே இல்லை. 'எல்லாம் சரி' என்ற பழைய பொருள் தேய்ந்து, 'வந்து சேர்ந்தது' என்பது மட்டும் மிஞ்சியது. இந்தச் சொல்லின் பலமே இந்தத் தேய்மானம்தான் என்பேன். பொருள் குறையக் குறைய, அது நுழையக்கூடிய இடங்கள் கூடிக்கொண்டே போயின.

"படம் எப்படி?" என்று கேட்டால் "ஓகேதான்" என்று இழுக்கிறோம். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மேலதிகாரி லீவை 'ஓகே பண்ணுகிறார்', வரன் 'ஓகே ஆகிறது', மரியாதைக்கு 'ஓகேங்க' என்கிறோம். உச்சரிப்பில் மட்டும் அது நம் வழக்கத்துக்கு முழுதாகப் பணியவில்லை. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் தனிக் ககரம் தமிழில் மெல்ல ஒலிக்கும். மேகம், நாகம் என்று சொல்லிப் பாருங்கள். ஓகேயில் அதே எழுத்தை அழுத்திச் சொல்கிறோம். சிலர் 'ஓக்கே' என்று எழுதுவது அதனால்தான்.

கம்ப்யூட்டர் திரைக்கு இந்தச் சொல் வந்த விதமும் சுவையானது. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா கணினியை உருவாக்கியபோது, கட்டளையை உறுதிசெய்யும் பொத்தானில் 'டூ இட்' என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். செய் என்று பொருள். சோதித்துப் பார்க்க வந்த சிலர் அந்தப் பொத்தானை அழுத்தாமல் தயங்கினார்கள். இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி கண்ணில் படவில்லை. பெரிய 'ஐ' எழுத்து சின்ன 'எல்' மாதிரித் தெரிந்தது. சேர்த்து வாசித்தால் 'டோல்ட்', அதாவது மடையன்! என்னை ஏன் மடையன் என்கிறது என்று ஒருவர் எரிச்சலோடு கேட்டிருக்கிறார். உடனே அந்த இடத்தில் ஓகே ஏறியது.

இதைவிட நுட்பமான வேலை ஒன்றையும் ஓகே செய்கிறது. போன் பேச்சை எப்படி முடிக்கிறோம்? சட்டென்று வைத்துவிட முடியாது. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி, வேறெதுவும் சேர்க்காமல் "ஓகே" என்கிறார். என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உன்னிடம் இருந்தால் இப்போது சொல் என்று பொருள். எதிராளி புது விஷயத்தை எடுக்கலாம், இல்லையென்றால் அவரும் "ஓகே" சொல்லலாம். அவரும் சொன்ன பிறகுதான் 'பை' வருகிறது.

தமிழில் இந்த வேலையைச் 'சரி' ஏற்கெனவே பார்த்து வந்தது. "சரி." "சரி. அப்புறம்?" "வேற ஒண்ணுமில்ல." "சரி, வச்சிடட்டுமா?" ஓகே வந்து சரியைத் துரத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இப்போது ஒரே மூச்சில் "சரி ஓகே" என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறோம்.