டிகேன்ட்: இறுப்பதா, ஆற்றுவதா?

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 1982 நல்ல வெயில் அடித்த ஆண்டு. அந்த ஆண்டுத் திராட்சையில் செய்த சிவப்பு வைன் இன்றும் சில நிலவறைகளில் இருட்டில் படுத்துக் கிடக்கிறது. அப்படி ஒரு புட்டியைத் திறக்க நினைப்பவர் உடனே தக்கையில் கை வைக்க மாட்டார். ஓரிரு நாள் முன்பே புட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுவார். நாற்பது ஆண்டுக்கு மேலாகப் புட்டியின் ஒரு பக்கத்தில் படிந்துபோன மண்டி மெல்ல அடிக்கு இறங்க வேண்டும். அப்புறம் தக்கையைப் பிடுங்கி, புட்டிக் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, கை ஆடாமல் ஒரே சாய்ப்பில் கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றுவார். கழுத்துப் பக்கம் புகை மாதிரி ஒரு கறுப்பு இழை நெளிந்து வரும். அதோடு நிறுத்திவிடுவார். அடியில் கொஞ்சம் வைன் புட்டியிலேயே தங்கிவிடும்.

இந்தக் காரியத்தின் பெயர்தான் டிகேன்ட் செய்வது. ஊற்றிய குடுவை டிகேன்டர். தமிழில் என்ன சொல்வது? நான் பார்த்த ஓர் உணவகக் குறிப்பில் ‘பழைய வைனை வடிகட்டிப் பரிமாறவும்’ என்று இருந்தது. பரிமாறும் பையன் அதைப் படித்துவிட்டு டீ வடிகட்டியோடு வந்து நின்றால் அவனைக் குறை சொல்ல முடியாது. வடிகட்டி இல்லாமல் செய்ய முடிவதுதான் டிகேன்ட்டின் சிறப்பே.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது வைன் குடித்தவர்களின் சொல்லே அல்ல. ரசவாதிகளின் சொல். குடுவையில் எதையாவது கரைத்து, படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் விளிம்பு வழியாகச் சாய்த்து எடுப்பதை இடைக்கால லத்தீனில் ‘டெகாந்தாரே’ என்றார்கள். ‘டெ’ என்றால் ‘இருந்து’. ‘காந்துஸ்’ என்றால் பாத்திரத்தின் மூக்கு, வாய்விளிம்பு. அது பிரெஞ்சில் ‘டெகான்த்தே’ ஆனது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. வைன் மேசைக்கு அந்தச் சொல் வந்தது அதற்கும் பிறகுதான்.

அந்தக் ‘காந்துஸ்’ எங்கிருந்து வந்தது என்பதில்தான் ருசி இருக்கிறது. ஒரு சாரார் கிரேக்க ‘காந்தோஸ்’ என்கிறார்கள். அதற்குக் கடைக்கண் என்று பொருள். இரண்டு இமையும் கூடும் அந்த மூலையின் வடிவம் பாத்திரத்தின் மூக்கைப் போல இருப்பதால் ரசவாதிகள் கடன் வாங்கினார்களாம். இன்னொரு சாரார், வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டைக்கு லத்தீனில் இருந்த பெயரே விளிம்பு என்ற பொருளுக்கு மாறியது என்கிறார்கள். எனக்குக் கடைக்கண்தான் பிடித்திருக்கிறது. கண்ணீர் வழிவதும் அந்த மூலை வழியாகத்தானே.

சரி, அந்த மண்டி புட்டிக்குள் எப்படி வந்தது? ஊற்றி அடைக்கும்போது தெளிவாகத்தானே இருந்தது? சிவப்பு வைனின் நிறம் திராட்சையின் சதையிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகிறது. அதைத்தான் டேனின் என்கிறார்கள். புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் நிறப்பொருளும் துவர்ப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன. கனம் கூடியதும் கரைந்து நிற்க முடியாமல் கீழே இறங்கிப் படிகின்றன. அவற்றோடு புளிப்பு அமிலத்தின் உப்பும் சின்னப் படிகங்களாகச் சேர்ந்துகொள்ளும். ஆக, மண்டி என்பது வெளியிலிருந்து விழுந்த அழுக்கு இல்லை. இளமையில் அந்த வைனுக்கு இருந்த நிறமும் முரட்டுத்தனமும்தான் அடியில் கிடக்கின்றன. அதனால்தான் பழைய சிவப்பு வைனைக் கோப்பையில் சாய்த்துப் பார்த்தால் நாவற்பழ நிறம் போய், ஓரத்தில் செங்கல் நிறமும் அதற்கும் வெளியே ஓர் ஆரஞ்சுக் கோடும் தெரியும். வாயில் துவர்ப்பு குறைந்து வழவழவென்று இறங்கும். பழ வாசனை பின்வாங்கி, சுருட்டுப் பெட்டி, பழந்தோல், காளான், மழை நனைத்த இலைச்சருகு என்று வேறு ஒரு கூட்டம் முன்னால் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று தற்செயலாக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பழந்தமிழில் ‘துவர்’ என்றால் சிவப்பு. துவர் இதழ், துவராடை என்கிறோமே அது. அதே துவர் என்றால் துவர்ப்புச் சுவையும்தான். சிவப்பு வைனில் நிறத்துக்கும் சுவைக்கும் ஊற்று ஒன்று என்பதைக் கண்டுபிடிக்க வேதியியல் வேண்டியிருந்தது. தமிழில் இரண்டுக்கும் ஏற்கெனவே ஒரே சொல்தான். வைனை மனதில் வைத்து யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் டேனினை ‘டேனின்’ என்றே எழுதிவிட்டுப் போகிறவர்கள் துவர்ப்பு என்ற சொல் பக்கத்திலேயே கிடப்பதைப் பார்க்கலாம்.

மண்டிக்கும் நம்மிடம் சொல் ஏராளம். எண்ணெயின் அடியில் நின்றால் கசண்டு. ஆற்றில் படிந்தால் வண்டல். பொதுவாக மண்டி, கசடு. கல்யாணப் பந்தியில் ‘ரசம் தெளிவா ஊத்துங்க’ என்று கேட்பவர் ஒரு கட்சி. ‘அடியைக் கலக்கி ரசவண்டி போடுங்க’ என்பவர் எதிர்க்கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் வைனில் அந்தக் கட்சிக்கு இடமில்லை. அதன் மண்டி வாயில் மணல் மாதிரி நெறுநெறுக்கும், கசக்கவும் செய்யும்.

அடி கலங்காமல் மேல் தெளிவை மட்டும் எடுப்பதற்குச் சமையலறையில் புழங்கும் சொல் ‘இறுத்தல்’. வேகவைத்த பருப்பின் மேல் தெளிவை இறுத்து ரசத்துக்கு எடுத்து வைக்கிறோம். பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் மண் கலந்த நீரை வைத்து இதையே ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்று சொல்லித் தருகிறது. டிகேன்ட் என்ற சொல் ரசவாதியின் மேசையில் குறித்ததும் சரியாக இதைத்தான். எனவே என் தீர்ப்பில் பழைய வைனை இறுத்தெடுக்க வேண்டும். ‘வைனை இறுத்துப் பரிமாறவும்’ என்று எழுதினால் பொருள் பிசகாது. ‘இறுக்கி’ என்று எழுதினால் கதை மாறிவிடும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

வடித்தல் கொஞ்சம் வேறு. சோறு வடிக்கும்போது தட்டோ துணியோ ஒன்று தடுப்பாக நிற்கிறது. வடிகட்டுதல், அரித்தல் என்று போனால் தடுப்பு கண்டிப்பாக வேண்டும். தென்னை, பனையின் பன்னாடையை வைத்து நெய்யையும் கள்ளையும் அரித்திருக்கிறார்கள். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமையாக அதை ‘நெய்யரி’ என்று சொன்னது. நாம் இன்றும் ‘பன்னாடை’ என்று திட்டுகிறோம். புட்டியைச் சாய்க்கும்போது தக்கைத் துகள் உதிர்ந்துவிட்டால் மெல்லிய துணியில் வடிகட்டுவதும் உண்டு. அது விபத்துக்குச் செய்யும் வைத்தியம், டிகேன்ட் அல்ல.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த ஒரே சொல்லை வைன்காரர்கள் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். மூன்று நான்கு வயதே ஆன முரட்டு வைனையும் டிகேன்டரில் ஊற்றுவார்கள். அதில் மண்டி கிடையாது. இப்போது பல வைன்களை வடிகட்டித்தான் புட்டியில் அடைக்கிறார்கள். அங்கே நோக்கம் காற்றுப் படவிடுவது. வாசனை விரியட்டும், முரடு அடங்கட்டும் என்று அகன்ற குடுவையில் சளசளவென்று ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுவார்கள். அதற்கு இறுத்தல் என்ற சொல் பொருந்தாது. அதற்குத்தான் ‘ஆற்றுதல்’ இருக்கிறதே. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஒரு முழ உயரத்தில் காபி ஆற்றுகிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காபியில் சூடு ஆறுகிறது, வைனில் முரடு ஆறுகிறது.

பழைய வைனை ஆற்றக் கூடாது. போர்தோவின் பேர்பெற்ற வைன் ஆய்வாளர் எமில் பெய்னோ இதில் கறாராக இருந்தார். மண்டி இருந்தால் மட்டுமே டிகேன்ட் செய்ய வேண்டும், அதையும் குடிப்பதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. பல பத்தாண்டுகள் காற்று அதிகம் படாமல் கிடந்த வைனின் வாசனை மெல்லியது. திறந்து வைத்தால் அரைமணியில் பறந்துவிடும் வைன்கள் உண்டு. ‘டிகேன்ட் பண்ணி ஒரு மணி நேரம் வையுங்கள்’ என்ற அறிவுரையை இளசுக்கும் கிழத்துக்கும் பொதுவாகச் சொல்லிப் பாழானவை எத்தனையோ. தமிழில் இளையதை ஆற்று, பழையதை இறு என்று சொன்னால் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை.

இறுத்து எடுத்த பிறகு குடுவையில் நிற்கிறதே, அதற்கு என்ன பெயர்? இதற்கு நாம் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். சங்கப் பாட்டில் கள்ளுக்குப் பல பெயர்கள் உண்டு: நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று. அவற்றில் அரித்து எடுத்தது அரியல். அதை விற்ற பெண்களை அகநானூறு ‘அரியற் பெண்டிர்’ என்கிறது. தெளிந்து நிற்பது தேறல். தேறு என்றால் தெளி. காய்ச்சலிலிருந்து உடம்பு தேறுவதும், பரீட்சையில் தேறுவதும், துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதும் அந்த ஒரே வினையின் பிள்ளைகள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் உரசுகிற கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்ற’ நீர் தெளிந்ததைக் கலித்தொகை சொல்கிறது. இல்லம் அந்த மரம், காழ் அதன் கொட்டை.

தேறல் வெறும் உள்ளூர்ச் சரக்குக்கு மட்டும் வைத்த பெயரும் அல்ல. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அங்கே பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கப்படுவது ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’. கலம் என்றால் கப்பல் என்றும் கொள்ளலாம், குடம் என்றும் கொள்ளலாம். மத்தியதரைக் கடல் நாடுகளின் கூர்அடி மதுச்சாடிகள் உடைந்த துண்டுகளாக அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் திராட்சை வைனுக்குத் தமிழர் இட்ட பழைய பெயர்களில் ஒன்று தேறல் என்று துணிந்து சொல்லலாம்.

வயதுக்கு வருவோம். பழைய வைனை ‘நாட்படு தேறல்’ என்று எழுதுவதில் பலருக்கு ஆசை உண்டு. சொல் அழகுதான், ஆனால் அவ்வையார் பாட்டில் அதற்கு முன்னால் வருவது ‘தேட்கடுப்பு அன்ன’ என்பது. அதாவது, தேள் கொட்டியது போலக் கடுப்பது. அந்தக் கள் நாள்பட நாள்பட உறைக்கிறது. சிவப்பு வைன் ஆண்டுபட ஆண்டுபடச் சாந்தமாகிறது. அதற்கு இன்னும் பொருந்துவது புறநானூறு 120இல் இருக்கிறது. பாரியின் நாட்டுக் குடிசைதோறும் கபிலர் கண்ட ‘நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்’. மண்ணில் புதைத்து வைத்து முதிர்ந்த தேறல். பழுனுதல் என்றால் முதிர்தல், கனிதல். நிலவறை, இருட்டு, முதிர்ச்சி, தெளிவு எல்லாம் அந்த ஓர் அடியில் வந்துவிட்டன. பழுனிய தேறல் என்றால் தேளுக்கு வேலையில்லை.

தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் தேறலைத் தொடவில்லை, திராட்சரசம் என்று போட்டார்கள். ஆனால் ஏசாயா 25ஆம் அதிகாரத்தின் விருந்தில் வருவது ‘தெளிந்ததும் பழமையுமான திராட்சரசம்’. எரேமியா 48இல் மோவாப் நாடு ‘ஒரு பாத்திரத்திலிருந்து மறுபாத்திரத்தில் வார்க்கப்படாமலும்’ தன் வண்டல்களின்மேல் அசையாமலும் இருந்தது என்று வருகிறது. டிகேன்ட் செய்யப்படாத வைனுக்கு இதைவிடச் சுருக்கமான தமிழ் வர்ணனையை நான் பார்த்ததில்லை.

டிகேன்டர் என்ற குடுவைக்கு மட்டும் நான் பெயர் தேடப் போவதில்லை. கூஜாவை கூஜா என்றே வைத்துக்கொண்டோம், டபராவும் டம்ளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. டிகேன்டரும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.