மார்ஜோலின் புண்: பெயரில் புண், உள்ளே புற்று

பழைய தீக்காயத் தழும்பில், பல வருடம் கழித்து முளைக்கும் தோல் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் மார்ஜோலின் புண். அரிதாக வருவது. ஆனால் 'புண்' என்று காதில் விழுந்ததும் நாம் களிம்பைத் தேடிப் போய்விடுகிறோமே, அதுதான் சிக்கல்.

மார்ஜோலின் பாரிஸில் இருந்த அறுவை மருத்துவர். 1828-இல் ஒரு மருத்துவ அகராதியில் 'புண்' என்ற தலைப்பில் எழுதும்போது, தழும்பின் மேல் மருப்போலத் தடித்து வளரும் ஒரு வகைப் புண்ணை விவரித்தார். அது புற்று என்று அவர் சொல்லவில்லை. 1903-இல் அமெரிக்க மருத்துவர் டகோஸ்டா ஆறாத பழைய புண்ணில் வரும் புற்றுக்கே மார்ஜோலின் பெயரை வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. புற்று என்றே அறியாதவர் பெயரில் ஒரு புற்று!

சின்ன வயதில் முழங்காலுக்குப் பின்னால் வெந்நீர் பட்டிருக்கும். அந்தத் தழும்பு, காலை மடக்கும்போதெல்லாம் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். இருபது முப்பது வருடம் இப்படியே ஓடும். அப்புறம் ஒருமுறை ஆறாமல் நின்றுவிடும். அரிக்கும், ஓரம் கெட்டியாகிப் புறம் மடிந்து காலிபிளவர் போலப் பொங்கும், நாறும், தொட்டால் ரத்தம் கசியும். வலி பெரிதாக இல்லாமலும் போகலாம். ஓரத்தில் ஒரு சதைத் துணுக்கை எடுத்துப் பயாப்சி செய்தால்தான் உண்மை தெரியும். பெரும்பாலும் செதிள் செல் புற்றாக, அதாவது தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் வகையாக இருக்கும். சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுப்பதுதான் முதன்மையான சிகிச்சை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தீயினால் சுட்டதைப் புண் என்றும் நாவினால் சுட்டதை வடு என்றும் பிரித்தது குறள். ஆறுவது புண், நிற்பது வடு. அந்தக் கணக்கில் 'வடுப்புற்று' பொருத்தம்தான். ஆனால் இன்றைக்கு வடு என்றால் பாதிப் பேருக்கு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வரும். என் ஓட்டு 'தழும்புப் புற்று'க்கு. புற்று என்ற சொல்லும் இங்கே நன்றாகவே உட்காருகிறது, கரையான் புற்று மாதிரி மேலே குவிந்து எழுவதால். ஒரே குறை: எலும்பில் சீழ் பிடித்து வருடக்கணக்கில் ஒழுகும் புண்ணிலும், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணிலும் இதே நோய் வரும். அங்கே தழும்பு இல்லை, 'ஆறாப்புண் புற்று' என்றுதான் சொல்ல வேண்டும்.

காஷ்மீரின் கங்ரிப் புற்று இதற்குப் பங்காளி. குளிருக்காக அங்கியின் உள்ளே வைத்துக்கொள்ளும் கங்ரி என்ற தணல் சட்டியின் சூடு வயிற்றிலும் தொடையிலும் ஆண்டுக்கணக்கில் பட்டு வருவது. வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் வருவதற்கு வேட்டிப் புற்று என்றே பெயர். இவற்றுக்கெல்லாம் அகராதியைத் தேட வேண்டியதில்லை.